மலை உள்ள தீவும் மலையே இல்லாத தீவுகளும்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது கொழும்பு வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: இந்த முறை மாலைதீவுக்குப் போவோமா, இல்லை திருகோணமலைக்கோ நுவரெலியாவுக்கோ போய் வருவோமா? கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு ஒன்றரை மணி நேரம்தான். விசாவையும் அங்கே இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேரும் நேரத்துக்குள் மாலேக்குப் பறந்து திரும்பியே வந்துவிடலாம். இவ்வளவு கிட்ட இருப்பதால் இரண்டு இடத்துக் காலநிலையும் ஒன்றுதான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இங்கே மழை என்றால் அங்கேயும் மழை, இங்கே வெயில் என்றால் அங்கேயும் வெயில் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் பாதி சரி. இரண்டு நாட்டின் மீதும் வீசுவது ஒரே பருவக்காற்று, சுற்றியிருப்பது ஒரே இந்து சமுத்திரம். ஆனால் இலங்கையின் நடுவில் 2,524 மீற்றர் உயரத்துக்கு மலை எழுந்து நிற்கிறது. மாலைதீவில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே இரண்டரை மீற்றரைத் தொடாது. இரண்டு நாட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது. மழை எங்கே விழும், ஆறு ஓடுமா, மணல் என்ன நிறம், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், எந்த அனர்த்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று எதைக் கேட்டாலும் பதில் மலையில் போய்த்தான் முடிகிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். மாலைதீவின் நிலம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஏறக்குறைய 300 சதுர கிலோமீற்றர்தான் வரும். நம் கொழும்பு மாநகர எல்லையைப் போல எட்டு மடங்கு, நெடுந்தீவைப் போல ஆறு மடங்கு. மாலைதீவின் எந்தத் தனித் தீவும் நெடுந்தீவின் பக்கத்தில்கூட வராது. தலைநகர் மாலே இருக்கும் தீவு சுமார் 2 சதுர கிலோமீற்றர். காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம் 269 ஹெக்டெயர், அதாவது மாலேயை விடப் பெரியது.

ஆனால் இந்தச் சின்ன நிலம் சிதறிக் கிடக்கும் தூரம் மிகப் பெரிது. கிட்டத்தட்ட 1,190 தீவுகள், அதோல் என்று சொல்லப்படும் வளைய வடிவான 26 கூட்டங்களாக, வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன. இலங்கையின் முழு நீளமே சுமார் 430 கிலோமீற்றர்தான். மாலைதீவின் வடகோடி அதோல் கொழும்பின் அகலாங்கிலேயே இருக்கிறது. தென்கோடியில் இருக்கும் அட்டு அதோல் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தென் அரைக்கோளத்துக்குள் போய்விடுகிறது. 'மாலைதீவு வானிலை' என்று ஒற்றைச் சொல்லில் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த நீளமே போதும்.

இரண்டும் உருவான கதையும் வேறு வேறு. இலங்கையின் அடிப்பாறை மிகமிகப் பழையது. நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கடியில் வெந்து நசுங்கி உருமாறிய பாறை. இந்தியா, மடகஸ்கார், அந்தார்ட்டிக்கா எல்லாவற்றோடும் ஒட்டியிருந்த கொண்டுவானா என்ற பெருநிலத்தின் துண்டு இது. இரத்தினபுரி மண்ணுக்குள் நீலக்கல் கிடைப்பதற்கும் அந்த வெக்கையும் அழுத்தமும்தான் காரணம். யாழ்ப்பாணக் குடாநாடும் அதைச் சேர்ந்த தீவுகளும் வடமேற்குக் கரையோரமும் இந்தக் கதைக்கு விலக்கு. அவை கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். அந்த விலக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மாலைதீவு எரிமலையின் மேல் முருகைக்கல் கட்டிய நாடு. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் உள்ளிருந்து வெப்பக் குழம்பு மேலெழுந்து கடலடியில் எரிமலை வரிசை ஒன்றை உண்டாக்கியது. தக்காணத்தின் கரும்பாறைகளைக் கொட்டியதும், இன்று ரீயூனியன் தீவில் கனன்றுகொண்டிருப்பதும் அதே வெப்ப ஊற்றுத்தான். எரிமலைகள் அடங்கி மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்தன. அவற்றின் விளிம்பில் ஒட்டியிருந்த முருகை உயிர்களுக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அடித்தளம் இறங்க இறங்க அவை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. நடுவில் இருந்த மலை மறைந்து, சுற்றியிருந்த வளையம் மட்டும் மிஞ்சியது. அதோல்கள் இப்படித்தான் உருவாகின என்று சார்ள்ஸ் டார்வின் 1842இல் விளக்கினார். பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்து உயர்ந்ததும் இந்த வளையங்களைச் செதுக்கியது என்று பின்வந்த ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். மாலைதீவில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது எரிமலைப் பாறையைத் தொடுவதற்கு இரண்டு கிலோமீற்றருக்கும் மேல் முருகைச் சுண்ணாம்பைத் துளைக்க வேண்டியிருந்தது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அந்தத் தீவுகளின் வயது. அடித்தளம் கோடிக்கணக்கான ஆண்டுப் பழையது என்றாலும், இன்று மனிதர் நடமாடும் மணல் தீவுகள் உருவாகிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. முருகைத் திட்டின் மேல் அலை கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள் அவை. அந்த மணல் இன்றும் பருவக்காற்றோடு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. தென்மேல் காற்றுக் காலத்தில் தீவின் ஒரு பக்கம் அகலமாக இருக்கும் கடற்கரை, வடகீழ் காற்றுக் காலத்தில் மறுபக்கம் போய்விடும். படத்தில் பார்த்த அதே மணற்பரப்பைத் தேடிப் போய், வேறு மாதத்தில் அது அங்கே இல்லாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

சரி, காற்றுக்கு வருவோம். மே மாதத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து புறப்பட்டு வரும் தென்மேல் பருவக்காற்று முதலில் மாலைதீவைத் தொட்டு, பிறகு நம் மேற்குக் கரைக்கு வருகிறது. அங்கே அதை மேலே தூக்கிவிட எதுவும் இல்லை. கடலின் மேலேயே திரண்ட முகில் ஒன்று பலத்த காற்றோடு வந்து கொட்டிவிட்டுக் கடந்து போகும். ஒரு தீவு நனைந்துகொண்டிருக்கையில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இன்னொரு தீவில் வெயில் அடிக்கும். சில நாட்கள் விடாமல் மூடிக்கொண்டு பெய்வதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், மழை இன்ன இடத்தில்தான் அதிகம் விழும் என்று விதிக்க அங்கே நிலத்தில் ஒன்றும் கிடையாது.

இங்கே அதே காற்று கொழும்பைக் கடந்து அவிசாவளைப் பக்கம் ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. மலைச்சரிவு காற்றை மேலே தள்ளுகிறது. மேலே போன காற்று குளிர்கிறது, குளிர்ந்ததும் தன்னிடமுள்ள ஈரத்தைக் கொட்டுகிறது. கொழும்புக்கு ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை என்றால், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் 5,000 மில்லிமீற்றரை எட்டுகிறது. ஹற்றன் பாதையில் ஜூன் மாதம் போனவர்களுக்கு அந்த மழை தெரியும். மணிக்கணக்கில் ஒரே சீராக, இடி மின்னல் எதுவும் இல்லாமல் பெய்துகொண்டே இருக்கும்.

மலையைத் தாண்டியதும் நடப்பதுதான் இன்னும் சுவையானது. ஈரத்தை மேற்கில் விட்டுவிட்ட காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடாகிறது, வறண்டுபோகிறது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் காற்று இரைந்துகொண்டு வீசும், ஆனால் மழை இருக்காது. இன்னும் கீழே மட்டக்களப்புக்கு வந்தால் அதுதான் கச்சான் காற்று. உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுக்கும் ஜூன், ஜூலை மாத வெக்கை. வட்டவளையில் குடை விரிக்க வைத்த அதே காற்று மட்டக்களப்பில் கிணற்றை வற்ற வைக்கிறது. இடையில் இருப்பது ஒரு மலைத்தொடர் மட்டும்.

இதைத் தேயிலைத் தோட்டத்து மக்களை விடத் தெளிவாக அறிந்தவர்கள் கிடையாது என்பேன். கிழக்குச் சரிவிலுள்ள ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான் சிறந்த காலம். அந்த வறண்ட காற்றில் கொழுந்தின் வளர்ச்சி மெதுவாகி வாசம் கூடுகிறது. டிம்புள்ளைப் பக்கத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் மேற்குச் சரிவு மழை மறைவுக்குள் வந்துவிடும், பகல் வெயிலும் இரவுக் குளிரும் கூடும். நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிவதும் அந்த நாட்களில்தான். ஒரே மலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மழைப் பக்கத்தையும் வெயில் பக்கத்தையும் மாற்றிப் போடுகிறது. தேயிலை விலையே அதற்கு ஏற்ப நகர்கிறது.

வாடைக் காற்று தொடங்கியதும் வடக்கும் கிழக்கும் நனையும் முறை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எங்கும் மழை. பெரும்போக வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. மாலைதீவிலோ வடகீழ் காற்று என்றால் வறட்சிக் காலம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும். அங்கே வித்தியாசம் கிழக்கு மேற்காக இல்லாமல் வடக்குத் தெற்காக இருக்கிறது. வட அதோல்களில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீற்றர் மழை, அதுவும் வறட்சி மாதங்கள் தெளிவாகப் பிரிந்து தெரியும். நிலநடுக்கோட்டுப் பக்கம் போகப் போக மழை 2,300 மில்லிமீற்றர் அளவுக்கு ஏறுவதோடு, ஆண்டு முழுவதும் பரவியும் விடுகிறது. அட்டுவில் 'மழையில்லாக் காலம்' என்று ஒன்றை உறுதியாகச் சொல்வது கடினம்.

வெப்பநிலையில் மாலைதீவு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் 30, 31 பாகை, இரவில் 25, 26. சுற்றிலும் கடல் என்பதால் அதை விட்டு விலக வழியில்லை. கொழும்பும் அப்படித்தான், சராசரி 27, 28 பாகை. ஆனால் கொழும்பிலிருந்து ஐந்தாறு மணி நேரம் மலையேறினால் சராசரி 16 பாகை உள்ள நுவரெலியாவுக்குப் போய்விடலாம். மாலைதீவில் இந்த மாற்றம் எந்தப் பணத்துக்கும் கிடைக்காது.

மாலைதீவின் பழைய மீனவர்கள் ஆண்டை 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களைக் கொடுத்து வானிலை கணித்தார்கள். அந்த 27ம் நம் பஞ்சாங்கத்து நட்சத்திரங்களேதான். ஏப்ரலில் அசுவினியில் தொடங்குகிறது, டிசம்பரில் மூலம் வரும்போது வடகீழ் காற்று பிறக்கிறது. எந்த நட்சத்திரத்தில் புயற்காற்று வரும், எதில் கடல் அடங்கும், எதில் சூரை மீன் கூட்டம் கரைக்குக் கிட்ட வரும் என்று அந்தக் கணக்கில் இருக்கிறது. கத்திரி வெயிலுக்குப் பரணியையும் கார்த்திகையையும் சொல்லும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பருவம் இப்போது பழைய ஒழுங்கில் வருவதில்லை என்ற குறை மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

இனி விடுமுறைக் கேள்விக்கு வரலாம். நமக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று விடுமுறை. ஏப்ரல் இடைப்பருவக் காலம். இரண்டு நாட்டிலும் காற்று ஓய்ந்து வெக்கை கூடியிருக்கும். கொழும்பில் பின்னேரம் ஆனதும் இடியோடு மழை பெய்யும், காலையில் வெயில் இருக்கும். மாலைதீவின் வடக்கும் நடுப்பகுதியும் அந்த மாதத்தின் முற்பாதியில் நன்றாகவே இருக்கும். ஓகஸ்டில் என் தெரிவு தயக்கமில்லாமல் நம் கிழக்குக் கரைதான். நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை எல்லாம் அப்போது மலையின் மழை மறைவில் இருக்கின்றன, கடல் தட்டையாகக் கிடக்கும். அறுகம்பையில் மட்டும் அலைச்சறுக்கலுக்கு ஏற்ற அலை எழும். மாலேயில் அந்த மாதம் சராசரியாக 170 மில்லிமீற்றரை ஒட்டிய மழை. ஓகஸ்டில் கொழும்பில் விழுவதை விடவும் அது அதிகம்.

டிசம்பரில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐரோப்பியர்கள் நத்தாருக்கு மாலைதீவில் நிறைவதைப் பார்த்து, அதுதான் சிறந்த மாதம் என்று நினைக்கிறோம். மாலேயில் டிசம்பர் மாத மழை 200 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது, மே மாதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். வடகீழ் காற்று நிலைபெற்று வானம் உண்மையில் திறப்பது ஜனவரியில். பெப்ரவரிதான் அங்கே மிகவும் வறண்ட மாதம். டிசம்பரில் போவதென்றால் மாதக் கடைசியாகவும் வட அதோலாகவும் பார்த்துக்கொள்வது நல்லது. அதே டிசம்பரில் காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் தெளியத் தொடங்கிவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இலங்கையில் ஒரு பக்கம் மழை பிடித்துவிட்டால் வாகனத்தைத் திருப்பி மறுபக்கம் போகலாம். மாலைதீவில் பதிவு செய்த தீவில் மழை என்றால் அந்தத் தீவிலேயே இருக்க வேண்டியதுதான். தூரத் தீவுகளுக்குப் போகும் கடல்விமானங்களும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிந்தி மாலேயில் இறங்கினால் முதல் இரவு அங்கேயே கழியும்.

கடலின் நிறத்துக்கும் மலைக்கும் உள்ள தொடர்பைப் பலர் யோசிப்பதில்லை. இலங்கையில் 103 ஆற்றுப் படுகைகள் உண்டு. மத்திய மலைநாட்டிலிருந்து நாலாபக்கமும் ஆறுகள் இறங்குகின்றன. அவை மலையை அரைத்துக் கொண்டுவரும் பொடிதான் நம் கடற்கரை மணல். அதில் பெரும்பங்கு படிகக்கல் துகள். ஆகவே பழுப்பும் மஞ்சளுமாக இருக்கிறது. புல்மோட்டைக் கரையில் கறுப்பாக மின்னும் கனிம மணலும் பழைய பாறை கொடுத்ததுதான். மே மாத மழையில் களனி பெருகும்போது முகத்துவாரத்துக்கு வெளியே கடல் செம்மண் நிறத்தில் நெடுந்தூரம் கலங்கிக் கிடப்பதைக் கொழும்பார் எல்லோரும் பார்த்திருப்போம்.

மாலைதீவில் ஆறே கிடையாது. சேறும் வண்டலும் வந்து கலக்க வழியில்லை. அதனால்தான் உட்களப்புகளில் தண்ணீர் அப்படித் தெளிந்து, அடியிலிருக்கும் வெள்ளை மணல் பச்சை நீலமாகத் தெரிகிறது. அந்த மணல் பாறைத் துகள் அல்ல, உயிர்கள் கொடுத்தது. முருகைக்கல், சிப்பி, சுண்ணாம்புப் பாசி இவற்றின் துண்டுகள். அதில் பெரும்பகுதியைக் கிளிமீன்களே உண்டாக்குகின்றன. அவை முருகையைப் பல்லால் கொறித்து, அதிலுள்ள பாசியைத் தின்று, மீதியை வெள்ளைப் பொடியாக வெளியேற்றுகின்றன. சுண்ணாம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நண்பகலில்கூட அந்த மணல் அவ்வளவாகக் காலைச் சுடுவதில்லை. நம் கரையிலும் ஆறுகள் ஒடுங்கும் மாதங்களில், நிலாவெளிக்கு முன்னே இருக்கும் புறாத்தீவைச் சுற்றி, ஏறத்தாழ அந்தத் தெளிவைக் காணலாம்.

தண்ணீர் விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மலை என்பது இலங்கையின் தண்ணீர்த் தொட்டி. மழையைப் பிடித்து, மெல்ல விட்டு, 335 கிலோமீற்றர் நீள மகாவலியை ஓட வைக்கிறது. கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கிய களனித் தண்ணீர். மாலைதீவில் விழும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் தோணியைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்நீரை விட இலேசானது என்பதால் அது கலந்துவிடாமல் வில்லை வடிவில் நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். இதைத் திருப்பிப் படித்தால் ஆபத்து புரியும்: மேலே கொஞ்சம் அதிகமாக இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு பல மடங்கு ஏறிவிடும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அவர்கள் வாழ்வதும் இதே அமைப்பின் மேல்தான். குடாநாட்டில் மலை இல்லை, மழைக்கு ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரே கிணற்று நீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த நியதியால்தான். மின்பம்பி வந்த பிறகு கரையோரக் கிணறுகள் பல உவராகிப்போன வேதனையும் நம்முடையதே. நெடுந்தீவில் கடற்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பார்த்தவர்கள், 1658இல் முருகைக்கல்லைச் செதுக்கிக் கட்டப்பட்ட மாலேயின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலைப் பார்த்தால் ஒரு நெருக்கத்தை உணர்வார்கள். இலங்கைக்குள்ளேயே ஒரு சின்ன மாலைதீவு இருக்கிறது, அது வடக்கில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மாலேயில் சனம் பெருகி நிலத்தடி நீர் கெட்டுப்போனது. இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் நகரம் குடிக்கிறது. 2014 டிசம்பர் 4ஆம் திகதி அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. இந்தியாவும் இலங்கையும் தண்ணீர் அனுப்ப வேண்டி வந்தது. ஒரே ஓர் இயந்திரசாலை நின்றால் ஒரு தலைநகரம் தாகத்தில் தவிக்கும் நிலை, நம்மால் கற்பனை செய்யவும் கடினமானது.

மலை கொடுப்பதோடு எடுக்கவும் செய்கிறது. மழையைப் பிடித்துத் தரும் அதே சரிவுதான் ஊறிப்போய் இடிந்து விழுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைக் குறுக்கறுத்துப் போனபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் சரிவு சரிவாக மண் இறங்கியது. அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். மலையில் விழுந்த தண்ணீர் களனி வழியே இறங்கிக் கொழும்பின் தாழ்நிலங்களையும் மூழ்கடித்தது. லயன் காம்பராக்களில் இன்னும் சரிவுக்குக் கீழே படுத்துறங்கும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணி கொடுப்பதைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

மாலைதீவில் மண் சரிய மலையில்லை. புயலும் அரிது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் மிகவும் வலுவிழந்துவிடுவதால், அங்கே சூறாவளி உருண்டு திரள்வது கடினம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி போன்ற ஒன்று அட்டுவில் வருவது எதிர்பார்க்க முடியாத விஷயம். அவர்களுடைய பயம் வேறு. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தெற்கே, குளிர்ந்த தென் சமுத்திரத்தில் எழும் புயலின் அலை, காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து தீவின் மேல் ஏறிவிடும். 1987 ஏப்ரலில் மாலே அப்படித்தான் வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகுதான் ஜப்பானிய உதவியோடு நகரைச் சுற்றி அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. 2007 மே மாதத்தில் பல தீவுகளில் மறுபடியும் கடல் ஏறியது.

2004 டிசம்பர் 26 இன்னொரு பாடம். தாழ்ந்து கிடக்கும் மாலைதீவு முழுவதுமே அழிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன ஆழிப்பேரலை, மாலைதீவில் இறந்தோரும் காணாமற்போனோருமாக நூறு பேரளவில் எடுத்தது. மக்கள்தொகையிலும் தூரத்திலும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும், கடலடியின் வடிவம் இதில் பெரிய பங்கு வகித்தது. ஆழிப்பேரலை ஆழமற்ற கடலுக்குள் வரும்போதுதான் வேகம் குறைந்து உயரமாக எழும்புகிறது. இலங்கையைச் சுற்றி அப்படி ஓர் ஆழமற்ற மேடை இருக்கிறது. அதோல்களோ ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. அலை எழும்ப இடமில்லாமல் தீவுகளின் இடையாலும் மேலாலும் ஓடிக் கடந்துவிட்டது. உயிர் மிஞ்சினாலும் கிணறுகள் உப்பாகின, சில தீவுகளை மக்கள் நிரந்தரமாகக் கைவிட்டார்கள். நம் தெற்குக் கரையில் முருகைக்கல் காப்பாக நின்ற ஹிக்கடுவையில் அலையின் வேகம் தணிந்ததும், சுண்ணாம்புக்காக முருகைக்கல்லைத் தோண்டி எடுத்திருந்த பெரேலிய பக்கம் அது இரயிலையே புரட்டிப் போட்டதும் சில கிலோமீற்றர் இடைவெளியில் நடந்தவை.

கடல் உயிர்களும் இந்தக் காற்றோடும் நீரோட்டத்தோடும்தான் நகர்கின்றன. மாலைதீவின் பா அதோலில் இருக்கும் ஹனிபாரு குடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். தென்மேல் காற்றுக் காலத்து நீரோட்டம் அதோலின் கிழக்குப் பக்கத்தில் நுண்ணுயிர்களைக் குவிப்பதால், நாம் 'மழைக்காலம்' என்று தவிர்க்கும் மாதங்களே அவற்றைப் பார்க்கும் மாதங்கள். இங்கே நீலத்திமிங்கிலங்களைப் பார்க்க டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மிரிஸ்ஸவுக்குப் போகிறார்கள், ஆண்டின் நடுவில் திருகோணமலைக்குப் போகிறார்கள். கடல் அடங்கும் கரை மாற மாறப் படகுகளும் மாறுகின்றன.

கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது. மாலைதீவு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடலுக்கு மேல் ஒரு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 1997இல் தொடங்கி மாலேக்குப் பக்கத்தில் கடலை நிரப்பிக் கட்டிய ஹுல்ஹுமாலேயை அவர்கள் சுமார் இரண்டு மீற்றர் உயரத்துக்கு எழுப்பியது அதனால்தான். ஆனால் அலை புதிய மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் வரை, மணல் தீவு தன்னைத்தானே ஓரளவு உயர்த்திக்கொள்ளவும் முடியும். அந்த மணலைத் தர முருகை உயிரோடு இருக்க வேண்டும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி முருகைகள் வெளிறி இறந்தபோது மாலைதீவு இழந்தது வெறும் அழகு அல்ல, நாளைய நிலத்தை. நம் பக்கத்தில் மாரவிலையிலும் களுத்துறையிலும் கரை அரிக்கப்படுவதைக் கடலின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆற்றில் மணல் அள்ளியதால் கடற்கரைக்கு வந்து சேர வேண்டிய மணல் குறைந்துபோனதும் அதற்கு ஒரு காரணம். மகா ஓயாவிலும் களு கங்கையிலும் லொறி லொறியாக ஏற்றப்பட்டது அந்தக் கரைகளுக்கு உரிய மணல்தான்.